ஏரிச் சேற்றில் கிடந்த மக்காச்சோளம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மில்டன் நகருக்கு அருகே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவில் கிராஃபோர்டு ஏரி இருக்கிறது. பரப்பு இரண்டரை ஹெக்டேருக்கும் குறைவு. ஆழமோ 20 மீட்டருக்கு மேல். வாய் சிறுத்து வயிறு ஆழ்ந்த குடம் போன்ற இந்த அமைப்பால், காற்று எவ்வளவு அடித்தாலும் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை. அடியில் சேற்றைக் கிளறிவிடும் உயிர்களும் இல்லை. கோடையில் நீர் சூடேறும்போது, அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெண்பொடியாகப் பிரிந்து கீழே இறங்கும். குளிர் தொடங்கியதும் செத்த பாசியும் மட்கிய துகள்களும் அதன்மேல் கறுப்பாகப் படியும். ஒரு வெள்ளைக் கோடும் ஒரு கறுப்புக் கோடும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. ஆண்டுகளை விரல் வைத்து எண்ணலாம்.

வேளாண்மை சுற்றுச்சூழலுக்கு என்ன செய்திருக்கிறது என்று அறிய இத்தகைய சேறு தேவைப்படுகிறது. கருவி வைத்து நீரின் தரத்தை அளக்கும் பழக்கம் மிக அண்மையது. பல ஏரிகளுக்கு ஐம்பது ஆண்டுக் கணக்குகூட இல்லை. பயிர்த்தொழிலின் வயதோ பல ஆயிரம் ஆண்டுகள். காடு வெட்டிய ஆண்டில் அடித்து வந்த மண், வயலில் பறந்த மகரந்தம், நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடு எல்லாம் வந்து சேருமிடம் ஏரியின் அடிவயிறு. எல்லா ஏரியும் இதற்கு உதவாது. கோடையில் வற்றி, மாடு இறங்கி மிதிக்கும் ஏரியில் அடுக்கு நிற்காது.

சேற்றைக் குலையாமல் எடுப்பதே பெரும்பாடு. மேல்பகுதி கூழாக இருப்பதால் குழாயைச் செருகினால் கலைந்துவிடும். அதனால் உள்ளீடற்ற உலோகப் பெட்டி ஒன்றில் உலர்பனியையும் ஆல்கஹாலையும் நிரப்பி அடியில் இறக்குகிறார்கள். உலர்பனியின் குளிர் சுமார் மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். பெட்டியைச் சுற்றியுள்ள சேறு அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். தூக்கி எடுத்து மேற்பரப்பைச் சுரண்டினால் கோடுகள் அப்படியே தெரியும். பிறகு சிறு துண்டுகளாக அறுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பையும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் மணலையும் கரைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் கரையாமல் மிஞ்சுவது மகரந்தத்தின் மேலோடு. அதன்பின் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணும் வேலை. பொறுமையில்லாதவர்களுக்கு ஆகாத தொழில் இது.

1970களின் தொடக்கத்தில் மகரந்த ஆய்வாளர் ஜான் மெக்ஆண்ட்ரூஸ் குழுவினர் இந்த ஏரிச் சேற்றில் மக்காச்சோள மகரந்தத்தைக் கண்டார்கள். மற்றப் புல்வகை மகரந்தங்களைவிட அது பருத்தது, கனமானது. செடியை விட்டு வெகுதூரம் பறக்காது. ஏரிக்குள் அது விழுந்திருக்கிறது என்றால் வயல் கரைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். அங்கே ஊர் எதுவும் இருந்ததாக அதுவரை தெரியாது. தொல்லியலாளர்கள் தேடிப் போனார்கள். இரோக்குவா மொழிக் குடும்பத்து மக்களின் கிராமம் ஒன்று, பத்துக்கும் மேற்பட்ட நீள்வீடுகளின் தடத்தோடு கிடைத்தது. முதலில் மகரந்தம், பிறகே ஊர். தொல்லியலில் அரிதான வரிசை.

அதே சேற்றில், கொலம்பஸுக்கு முந்தைய அடுக்குகளில், பருப்புக்கீரையின் விதையும் மகரந்தமும் இருந்தன. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியரோடு வந்த களை என்று அதைக் கருதியிருந்தார்கள். ரோஜர் பைர்னும் மெக்ஆண்ட்ரூஸும் 1975இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தைத் திருத்தியது.

இதைவிடக் கனமான செய்தியைச் சொன்னவை டயட்டம்கள். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்ட ஒருசெல் பாசிகள் இவை. நீரில் பாஸ்பரஸ் குறைவாக இருந்தால் ஓர் இனம் செழிக்கும், கூடினால் வேறோர் இனம். எரிக் எக்டாலும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரையில் மக்கள் பயிரிட்டு வாழ்ந்த 1268 முதல் 1486 வரையான காலத்தில் ஏரி நீரில் ஊட்டச்சத்து ஏறியது; டயட்டம் கூட்டமும் மாறியது. அந்த மக்களிடம் கலப்பை இல்லை, உழவு மாடு இல்லை, மூட்டை உரம் இல்லை. மண்ணைக் கொத்தி மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் போட்டார்கள். மழையில் அரித்து வந்த மண்ணும் குடியிருப்பின் கழிவுமே இந்தச் சிறிய ஏரிக்குப் போதுமானதாக இருந்தது. அவர்கள் ஊரை விட்டுப் போன பிறகும் டயட்டம்கள் பழைய கூட்டத்துக்குத் திரும்பவில்லை.

19ஆம் நூற்றாண்டின் அடுக்குகளில் ராக்வீட் என்ற களையின் மகரந்தம் திடீரென்று பெருகுகிறது. பார்த்தீனியத்துக்கு நெருங்கிய உறவான இச்செடி, வெட்டிப் புரட்டிய நிலத்தில் கும்பலாக முளைக்கும். ஐரோப்பியக் குடியேறிகள் காட்டைத் திருத்திய காலம் அது. கிழக்கு வட அமெரிக்காவின் பல ஏரிகளில் இந்தப் பெருக்கத்தை வைத்தே அடுக்கின் காலத்தைக் கணிக்கிறார்கள். மற்ற முறைகளுக்கு வரம்பு உண்டு. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் கார்பன்-14 ஏமாற்றும்: பாறையிலிருந்து கரைந்து வரும் பழைய கார்பன் சேற்றின் வயதைக் கூட்டிக் காட்டும். ஈயம்-210இன் அரை ஆயுள் 22 ஆண்டுதான். ஏறத்தாழ 150 ஆண்டுக்கு அப்பால் அது பேசாது.

பழைய முறை வேளாண்மை நிலத்துக்குத் தீங்கே செய்யாது என்ற நம்பிக்கையை வேறு ஏரிகளும் அசைத்திருக்கின்றன. மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியைப் பற்றி சாரா ஓ'ஹாரா குழுவினர் 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஸ்பானியர் கலப்பையோடு வந்த பிறகு நடந்த மண்ணரிப்புக்கு, அதற்கு முன்பே நடந்த அரிப்பு குறைந்ததல்ல என்பது அவர்கள் முடிவு. குவாத்தமாலாவின் சல்பெட்டன் ஏரியடியில் மாயா நாகரிக மக்களின் காலத்தில் படிந்த ‘மாயா களிமண்’ என்ற அடுக்கு பல மீட்டர் தடிமனுக்குக் கிடக்கிறது. அங்கே மண்ணரிப்பு உச்சத்தில் இருந்தது, மக்கள்தொகை உச்சத்தில் இருந்தபோது அல்ல. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, முதன்முதலாகக் காடு வெட்டப்பட்ட காலத்தில்.

ஆந்த்ரோபோசீன் என்ற புதிய புவியியல் காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் இடமாக 2023 ஜூலையில் ஆய்வுக்குழு ஒன்று கிராஃபோர்டு ஏரியை முன்மொழிந்தது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் உதிர்த்த புளூட்டோனியம் அதன் அடுக்குகளில் தெளிவாகப் பதிந்திருப்பது முக்கியக் காரணம். 2024 மார்ச்சில் முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. வேளாண்மையால் மனிதர் பூமியை மாற்றத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டாகிறதே, 1950கள் எப்படித் தொடக்கமாகும் என்பது எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்று. அவர்கள் வேறெங்கும் சான்று தேடிப் போக வேண்டியதில்லை; புளூட்டோனிய அடுக்குக்குக் கீழே மக்காச்சோள மகரந்தம் இருக்கிறது.

கெட்டுப்போன ஏரிகளை மீட்கும் திட்டங்களில், 1850ஐ ஒட்டிய நிலையை இயற்கை நிலையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவில் உண்டு. தொழிற்சாலையும் செயற்கை உரமும் பரவாத காலம் என்பது கணக்கு. கிராஃபோர்டு ஏரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 1850க்கு முந்தைய நிலைக்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், கிடைப்பது 15ஆம் நூற்றாண்டில் மக்காச்சோளம் பயிரிட்டவர்கள் விட்டுச்சென்ற ஏரிதான்.