விரல் வைக்காத குழல்

ஃபேரர் பார்க் வட்டாரத்து வாசகி ஒருவர் தம் பாட்டியின் கல்யாணப் படத்தைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார். 1950களில் சிராங்கூன் ரோட்டுக் கோயில் ஒன்றில் நடந்த கல்யாணம். மணமக்களுக்கு இடப்பக்கம் மேளக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாயனத்துக்கு இருவர், தவிலுக்கு இருவர், கைத்தாளத்தோடு ஒரு பையன். அவர்களுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி இன்னொருவர். அவர் வாயிலும் நாயனம் போல ஒன்று இருக்கிறது. ஆனால் அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாரே தவிர, விரல்கள் எந்தத் துளையிலும் இல்லை. கன்னங்கள் மட்டும் உப்பியிருக்கின்றன. "இவர் உண்மையில் வாசிக்கிறாரா, அல்லது படத்துக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா?" என்று கேட்கிறார் வாசகி.

வாசிக்கத்தான் செய்கிறார். அந்தக் கூட்டத்திலேயே மூச்சுக்கூட நிறுத்தாமல் வாசித்தவர் அவர் ஒருவர்தான். நாயனக்காரர் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் சீவாளியைத் துடைத்துக்கொள்ளலாம், தவில்காரர் தொப்பியைத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். இவருக்கு அந்த இடைவெளி கிடையாது. அவர் கையில் இருப்பது ஒத்து. பார்வைக்கு நாதசுரத்தின் உடன்பிறப்பு. விரல் துளை மட்டும் இல்லை. அடிப்பக்கம் சில துளைகள் இருக்கும். அவை விரலுக்கானவை அல்ல, மெழுகுக்கானவை. துளையை எவ்வளவு அடைக்கிறோமோ அவ்வளவு சுருதி இறங்கும், கொஞ்சம் சுரண்டி எடுத்தால் ஏறும். நாயனத்தோடு சுருதி சேரும்வரை மெழுகை வைத்தும் எடுத்தும் பார்ப்பார்கள். சேர்ந்த பிறகு கச்சேரி முடிகிறவரை ஆதார ஷட்ஜம் ஒன்றே அதன் வேலை.

நாதசுரத்தை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பெருமாள் கோயில் வாசலிலும் வீரமாகாளியம்மன் கோயில் பூசை நேரத்திலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒலி எங்கே பிறக்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆச்சா மரக் குழலிலும் இல்லை, கீழே விரிந்திருக்கும் அணசிலும் இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட வராத சீவாளியில்தான் பிறக்கிறது. காவிரிக் கரையில் விளையும் நாணலை அறுத்துக் காயவைத்து, அவித்துப் பதப்படுத்தி, வாயில் வைக்கும் பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும்படி நூலால் கட்டுவார்கள். தட்டையான பக்கத்தில் இரண்டு இதழ்களும் மெல்லிய வாய்போல நெருங்கி நிற்கும். மூச்சு பட்டதும் மூடும், திறக்கும், மறுபடி மூடும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை. கோயிலில் அடுத்த முறை நாயனக்காரர் அருகே நிற்க வாய்த்தால் பாருங்கள்: நாயனத்திலிருந்து நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகள், அவற்றோடு ஒரு சிறிய ஊசி. வாசிக்குமுன் ஒரு சீவாளியை வாயில் போட்டு நனைப்பார், இதழ்களுக்கிடையே ஊசியை விட்டு லேசாக நெம்புவார், தனியாக ஊதிப் பார்ப்பார். பீ என்று கூர்மையாக வந்தால் சரி. இல்லையென்றால் அடுத்தது.

ஊரில் வளர்ந்தவர்கள் பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதியிருப்பீர்கள். அந்தப் பீப்பியும் இதே தத்துவம்தான். சிங்கப்பூர்க் கடற்கரையோரங்களிலும் பூவரசு உண்டு என்றாலும் பூங்காக்களில் இலை பறிக்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நினைப்பவர்கள் ஒரு உறிஞ்சுகுழாயின் நுனியைத் தட்டையாக நசுக்கி, இரண்டு மூலையையும் கூராக வெட்டிவிட்டு ஊதச் சொல்லுங்கள். ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரித்துக்கொண்டே வந்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும்.

இரட்டை இதழோடு கூம்பு வடிவக் குழலைச் சேர்த்தவர்கள் நாம் மட்டும் அல்லர். இந்தச் சிறிய தீவிலேயே அந்தக் குடும்பத்தின் கிளைகள் பல இருக்கின்றன. ஷென்டன் வேயில் உள்ள சிங்கப்பூர் கான்ஃபரன்ஸ் ஹாலில் சீன இசைக்குழு வாசிக்கும் சோனா, மேற்காசியாவிலிருந்து சீனத்துக்குப் போன குழல். மலாய்க்காரர்களின் செருணாய் சிலாட்டுக்கும் நிழல்கூத்துக்கும் உரியது; அதன் சீவாளி பனையினத்து ஓலையில் செய்யப்படுவது. சிம்ஃபனி இசைக்குழுவின் ஓபோ, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய தெருக் குழலை அரண்மனைக்கு ஏற்றபடி அடக்கி எடுத்த வடிவம். இவை எல்லாவற்றுக்கும் உள்கூடு மேலே குறுகி, கீழே விரிந்தது. அந்தக் கூம்பினால்தான் அழுத்தி ஊதும்போது சரியாக மேல் ஸ்தாயிக்குத் தாவ முடிகிறது. கிளாரினெட் நேரான குழல் என்பதால் அழுத்தி ஊதினால் மேல் ஷட்ஜத்தைத் தாண்டி அதற்கும் மேலுள்ள பஞ்சமத்தில் போய் நிற்கும்.

கூம்பு செய்யும் இன்னொரு காரியத்தில்தான் ஒத்தின் பெருமை இருக்கிறது. ஒத்து ஒரே சுரம்தான் ஊதுகிறது என்றேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் அது ஒரே சுரம் இல்லை. ஆதார ஷட்ஜத்தின் அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு, ஐந்து என்று எல்லா மடங்குகளும் அதற்குள் ஒலிக்கின்றன. இரண்டாவது மேல் ஷட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். நாயனக்காரர் பஞ்சமத்தில் வந்து நிற்கும்போது அங்கே ஏற்கெனவே ஒரு பஞ்சமம் காத்திருக்கிறது. துளியும் பிசகாமல் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகிக் கோயில் மண்டபம் முழுவதும் ஒரே நாதமாக நிற்கும். பிசகினால் ஒலி துடிக்கத் தொடங்கும். ஒத்து நொடிக்கு 290 அதிர்வும் நாயனம் 293 அதிர்வும் தருவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு மூன்று தடவை அந்தத் துடிப்பு கேட்கும். சுருதிஞானம் இல்லாதவருக்குக்கூட ஏதோ நெருடுகிறது என்று தெரிந்துவிடும்.

என் தாத்தா கொத்தனார். செங்கல் அடுக்குமுன் சுவரின் இரண்டு முனைக்கும் நூல் கட்டுவார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லும் அந்த நூலைப் பார்த்துத்தான் உட்காரும். ஒத்து நாயனத்துக்கு அப்படி. நாதசுரத்தில் இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஓபோவில் போல அரைச்சுரங்களுக்கென்று சாவிகள் இதில் இல்லை. ஏழு விரல் துளைகளை வைத்துக்கொண்டு, உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் வேகத்தாலும் சுரங்களை ஏற்றி இறக்கித்தான் கமகம் பிறக்கிறது. கொஞ்சம் கவனம் தவறினாலும் சுரம் நழுவிவிடக்கூடிய வாத்தியம். நழுவுகிறது என்று அந்தக் கணமே வித்துவானுக்குச் சொல்ல ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

மணிக்கணக்கில் மூச்சு விடாமல் எப்படி ஊதுவது? கன்னத்தில் இருக்கிறது சூட்சுமம். நுரையீரலில் காற்று தீரப்போகும்போது கன்னங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். கன்னத் தசையால் அந்தக் காற்றைப் பிதுக்கிச் சீவாளிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மூக்கால் சட்டென்று மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். வெளியே போவதும் உள்ளே வருவதும் ஒரே கணத்தில். சோனா வாசிப்பவர்களும் இதைச் செய்கிறார்கள். ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை விட்டுக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகுவது இதற்குத் தொடக்கப் பயிற்சி. குமிழி நிற்காமல் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மூச்சை மாற்றும் கணத்தில் சுருதி அசையாமல் இருப்பது மீதிப் பாதி, அதற்குத்தான் காலம் பிடிக்கும்.

கன்னத்தால் முடியாத இடத்தில் மனிதன் தோல் பையைச் சேர்த்தான். நம்மிடம் துத்தி என்று ஒன்று இருந்தது: ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி, கக்கத்தில் இடுக்கி அழுத்திச் சுருதி எழுப்புவது. 19ஆம் நூற்றாண்டின் சதிர்க் கச்சேரி ஓவியங்களில் ஆடும் பெண்ணுக்குப் பின்னால் முகவீணைக்காரரின் பக்கத்தில் துத்திக்காரர் நிற்பதைக் காணலாம். ஸ்காட்லாந்து பேக்பைப்பும் இந்த ஏற்பாடுதான். தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று நீளக் குழல்களும் அதன் ஒத்துகள். விரல் வைத்து வாசிப்பது கீழே இருக்கும் சிறு குழலை மட்டுமே. நம் ஊர் கூர்க்கா படைப்பிரிவின் பேக்பைப் குழுவை அணிவகுப்பில் பார்த்திருப்பீர்கள். நடந்துகொண்டே, கட்டளைக்குத் திரும்பிக்கொண்டே, அந்த மூன்று ஒத்துகளையும் அவர்கள் ஒரு நொடிகூட விடுவதில்லை.

நாம் விட்டுவிட்டோம். முதலில் துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்தது. 1970களின் கடைசியில் மின்சுருதிப் பெட்டி வந்தது. இப்போது கைப்பேசியிலேயே சுருதி. ஓர் ஆளுக்குச் சம்பளமும் சாப்பாடும் மிச்சம். வெளிநாட்டுக்குக் குழுவை அழைக்கும்போது ஒரு விமானச் சீட்டும் மிச்சம். கணக்கு எனக்குப் புரிகிறது. இந்த ஊரில் கல்யாணத்துக்கு மேளம் வைப்பதே செலவு என்று நினைத்து, தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளத்தை ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. நூறு மேசைக்கு விருந்து வைக்கிற கல்யாணங்களில் அதைக் கேட்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இசைக்கும் இதில் நட்டம் இருக்கிறது. காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும். குழல் வாத்தியத்தின் சுருதி ஏறும். 25 பாகைக் குளிரூட்டிய மண்டபத்தில் சேர்த்த சுருதி, 32 பாகை வெயிலில் கோயில் வாசலுக்கு வந்தால், கணக்குப்படி அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். ஊதுபவரின் சூடான மூச்சு அந்த வேறுபாட்டை ஓரளவு குறைக்கும், முழுவதும் அல்ல. மின்பெட்டிக்கு வெயிலும் தெரியாது, குளிரும் தெரியாது. அது உள்ளே சொன்ன சுருதியையே வெளியிலும் சொல்லும். நாயனம் மேலே போயிருக்கும். மாப்பிள்ளை அழைப்பில் பெட்டியும் நாயனமும் உரசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நல்ல வித்துவான் உதட்டால் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கிறார். கற்பனைக்குப் போக வேண்டிய கவனம் அதில் செலவாகிறது. ஒத்து அப்படி விட்டுவிடாது. அதே மாதிரி மரம், அதே கூம்பு, அதே நாணல், அதே மனித மூச்சு. நாயனம் சூடேறும்போது அதுவும் சூடேறும், நாயனத்தின் சுருதி ஏறும்போது அதன் சுருதியும் கூடவே ஏறும். வெயில் தெருவில் நடந்து வாசிக்கிற இசைக்கு இதைவிடப் பொருத்தமான துணையை எந்தப் பொறியாளரும் செய்து தரவில்லை.

இன்னொரு நட்டமும் உண்டு. நாயனம் கற்க வந்த பிள்ளைகள் பலர் முதலில் ஒத்துதான் ஊதினார்கள். குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரவு முழுவதும் நடக்கும் திருவிழாக்களில் அவர் ராகம் விரிப்பதை மிக அருகில் கேட்டுக்கொண்டே ஒற்றைச் சுரத்தைத் தாங்கினார்கள். விரலுக்கு வேலை வருமுன் மூச்சும் காதும் பழுத்தன. 'ஒத்து ஊதுவது' என்று இன்று ஏளனமாகச் சொல்லப்படும் காரியம் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தை ஒரு பெட்டியை வாங்கி வைத்து மூடிவிட்டோம்.

இங்கே மறுபடி தொடங்குவது கடினம் அல்ல. கோயில்களில் நாயனக்காரர்கள் இருக்கிறார்கள். 1949 முதல் இந்திய நுண்கலைக் கழகம் பிள்ளைகளுக்கு இசை சொல்லித் தருகிறது. நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்யும் ஆசாரிமார்களுக்கு, விரல் துளை போடாமல் ஒரு குழல் கடைந்து தரச் சொல்லி எழுதினால் போதும். அவர்களது நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் நடக்கும் கலா உத்சவத்தில் ஒரு மாலை, ஒலிபெருக்கி இல்லாமல், திறந்தவெளியில், ஒத்தோடு நாயனம், செருணாய், சோனா, பேக்பைப் நான்கையும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சுருதி எப்படிச் சேரும் என்று இசை தெரிந்தவர்கள் கேட்பார்கள். பேக்பைப்பின் ஒத்துகள் ஏறத்தாழ ஆறரைக் கட்டையில், அதற்கும் சற்று மேலாக நிற்பவை, அவற்றை அதிகம் அசைக்க முடியாது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய நீளமான பாரி நாயனத்தை இரண்டரைக் கட்டையில் வைத்து, சீவாளியை ஒரு நூல் உள்ளே தள்ளிச் சேர்த்துப் பாருங்கள். அந்த மூன்று ஸ்காட்லாந்து ஒத்துகளும் நம் நாயனத்துக்குப் பஞ்சமமாக நிற்கும்.