அரிவரி ஆசிரியையிடம் கற்ற பாடம்

கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பல்லாண்டுகளாகப் பாடஞ் சொல்லி வரும் நாம், நான்கு வயதுக் குழந்தையொன்றின் முன் தோற்றுப்போன கதையை இங்கு எழுத வேண்டியிருக்கிறது. அக்குழந்தை எமது இளைய மகள்.

விசயதசமியன்று ஏடு தொடக்கினோம். ஐயர் அவளுடைய வலக்கை விரலைப் பிடித்து, தட்டிற் பரப்பிய அரிசியிலே 'அ' எழுதுவித்தார். அன்று மூண்ட எமது ஆவல் அடங்கவில்லை. நாள்தோறும் மாலையிற் கொப்பியும் பென்சிலுமாக அவளை இருத்தினோம். ஆறு மாதமாகியும் 'அ' உருப்படவில்லை. கோடு நடுங்கியது, பென்சில் நழுவியது. ஒருநாள் பொறுமையிழந்து கையில் அடித்தும் விட்டோம். மெல்லிய அடிதான். ஆயினும் மறுநாள் முதல், பென்சிலைக் கண்டவுடன் இரு கைகளையும் முதுகுப்புறம் மறைத்துக்கொள்ளலானாள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லையென்று அயலார் சொல்வார்களே என்பதே அப்போது எமக்கிருந்த கவலை. இன்று அதை ஒப்புக்கொள்ள வெட்கமாயிருக்கிறது.

குற்றம் முன்பள்ளியின் மீதே என்று தீர்மானித்துக்கொண்டு அங்கே சென்றோம். எம் பெற்றோர் காலத்தில் அரிவரி என்று வழங்கிய வகுப்பின் இடத்தை இன்று முன்பள்ளி பிடித்திருக்கிறது. அங்குள்ள ஆசிரியை எம்மோடு வாதாடவில்லை. பாயின் ஓரத்தைக் காட்டி, ஒரு காலை நேரம் இருந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

புளியங்கொட்டைகளையும் மஞ்சாடி விதைகளையும் சிலர் வேறுவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தனர். சிலர் பழைய சட்டையொன்றின் பொத்தான்களைப் பூட்டுவதும் கழற்றுவதுமாயிருந்தனர். இது படிப்பா என்று எண்ணினோம். அவ்வேளை ஒரு சிறுவன் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டான். பாய் நனைந்தது. ஆசிரியை ஏசவுமில்லை, ஓடிச்சென்று துடைக்கவுமில்லை. துணி தொங்கிய ஆணியைக் கண்ணாற் காட்டினார். அவன் தானே எடுத்துவந்து துடைத்தான். பாதி நீர் அவன் காற்சட்டையிற் போயிற்று. பின்னர் மீண்டும் குவளையை நிரப்பினான். விடை பிழைத்த மாணவனை நாற்பது பேர் நடுவே நிறுத்தி நாம் பேசிய பேச்சுக்கள் எமக்கு நினைவு வந்தன.

எம் மகள் களிமண்ணில் பாம்பு உருட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் நடுங்கவில்லை. பாம்புக்குக் கண் வைத்தாள், நாக்கும் வைத்தாள். ஆசிரியை எம் பக்கம் குனிந்து, "மாஸ்டர், வீட்டிலை எந்தக் கையாலை எழுதச் சொன்னனீங்கள்?" என்றார்.

அப்பொழுதுதான் பார்த்தோம். அவள் கண் வைத்தது இடக்கையால்.

மனிதரிற் பத்தில் ஒருவர் அளவினர் இடக்கைப் பழக்கமுடையோர். இது நோயுமன்று, அடமுமன்று. இதனைப் புத்தகத்திற் படித்திருந்தும், ஆறு மாதமாக மகளின் இடக்கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் வைத்தவர் நாமே. ஆசிரியை மேலும் ஒன்று விளக்கினார். பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டில் இருப்பவை குருத்தெலும்புகள். அவை ஒவ்வொன்றாக எலும்பாகிப் பல ஆண்டுகளிலேயே எட்டும் நிறைவுறுகின்றன. பென்சில் பிடிக்க விரல்களுக்கும் பயிற்சி வேண்டும். விதை பொறுக்குவதும் பொத்தான் பூட்டுவதும் அதற்கே.

வீட்டுக்கு வந்து பழைய கல்வியியல் நூல்களைப் புரட்டினோம். பரீட்சைக்காக மனனஞ் செய்த செய்திகள் வேறு முகங் காட்டின. ஒரு வயது நிரம்புமுன் தாயை இழந்த ஜேர்மனியரான பிரடெரிக் புறோபெல் 1837இல் சிறுவர்க்கென ஒரு நிலையந் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். அவர் கொடுத்த முதல் விளையாட்டுப் பொருள் கம்பளி நூலாலான பந்துகள். 1851இல் பிரசிய அரசு அத்தோட்டங்களைத் தடைசெய்தது. குழந்தைகள் பந்து உருட்டுவதற்கும் அஞ்சிய அரசு! மறுவருடம் அவர் இறந்தார். 1860இலேயே தடை நீங்கியது. 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிற் குழந்தைகள் இல்லந் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவவைத்தார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியரைப் பயிற்றியதும் உண்டு. எமது திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதித்தானே பழகினர்? நாமோ விரலை விட்டுப் பென்சிலுக்குத் தாவினோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை முன்பள்ளி வாசலிலேயே பேசத் தொடங்கும் பெற்றோருள் நாமும் ஒருவர்.

இனி எஞ்சியது வீட்டிலிருந்த பாட்டி. இடக்கையால் எழுதினாற் கலைமகள் பொறுப்பாளா என்பது அவர் கேள்வி. சாப்பாடு வலக்கையால், எழுத்து இடக்கையால் என்று ஓர் உடன்பாட்டை எம் மனைவி செய்து வைத்தார். பாட்டி முழுமனதாக ஒப்பவில்லை. கொப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். மகளிடம் எழுது என்று ஒரு சொற் சொல்லவில்லை. அவள் கைகள் முதுகுப்புறமிருந்து முன்னே வருவதற்கு இரண்டு மாதஞ் சென்றது.

அடுத்த விசயதசமியன்று அயல்வீட்டுச் சிறுவனுக்கு எம் வீட்டிலே ஏடு தொடக்கினர். எல்லோரும் பந்திக்குச் சென்றபின், அரிசித் தட்டின் முன் மகள் தனியே இருக்கக் கண்டோம். இடக்கை விரலால் 'அ' எழுதியிருந்தாள். கண்ணாடியிற் காண்பது போல் எழுத்துத் திரும்பிக் கிடந்தது. அரிசியை எடுத்து வைக்க வந்த பாட்டி அதைப் பார்த்தார். ஒன்றுஞ் சொல்லவில்லை. அவள் அடுத்த எழுத்தை எழுதி முடிக்கும்வரை சுளகோடு அங்கேயே நின்றார்.