தனுஷ்கோடிக்குச் செல்லும் நம்மவர்க்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகள் பலவற்றிலிருந்து ஓரியூருக்குப் பேருந்துகள் புறப்படுகின்றன. 1693-ஆம் ஆண்டு புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய அம்மண்ணில் செபித்துவிட்டு, ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று பலரும் இராமேசுவரத்திற்கும், அங்கிருந்து தனுஷ்கோடிக்கும் வண்டியைத் திருப்புகின்றனர். அதில் தவறேதுமில்லை. இறைவன் படைத்த கடலைக் காண்பதும் நன்றே. ஆனால், செபமாலை சொல்லிக்கொண்டே வந்தவர்கள் அங்கு இறங்கியபின் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகிறோம்.

தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய கடும்புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த இரயிலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கடலுக்கு இரையாயிற்று. பின்னர் அரசு அவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவித்தது. அரை நூற்றாண்டுக் காலம், ஈர மணலில் வேன்களில் குலுங்கிச் செல்லத் துணிந்தவர்களே அதனைக் கண்டனர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. இன்று எவரும் நிலத்தின் கடைசி நுனி வரை காரிலேயே செல்லலாம்.

அங்கே கூரையிழந்து நிற்கிறது நம் ஆலயம். பவளக் கற்களால் எழுப்பப்பட்ட சுவர்கள். உப்புக்காற்றில் நாளும் உதிர்பவை. அவற்றின்மேல் ஆணியாலும் சாவியாலும் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. பீடம் இருந்த இடத்தில் ஏறி நின்று படம் எடுப்போரும், நினைவுப் பொருளென்று ஒரு கல்லைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்வோரும் உண்டு. நம் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் எவரேனும் இவ்வாறு செய்தால் பொறுப்போமா? அந்தப் புயலில் மாண்டவர்களுள் முறையான அடக்கம் பெறாதோர் பலர். அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? ‘பேய் நகரம்’ என்று வழிகாட்டிகள் கூவுவதைக் கேட்டு நம் பிள்ளைகளும் சிரிப்பது நமக்கு வேதனையளிக்கிறது.

அது பாழூருமன்று. மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் அங்கே வாழ்கின்றன. இருபுறமும் உப்புக்கடல் இருக்க, மணலில் சில அடி தோண்டிய ஊற்றுகளில் சுரக்கும் நன்னீரே அவர்களுக்கு உயிர். கால் கழுவவும் கை அலம்பவும் அந்நீரைக் கேட்பது நியாயமா? தண்ணீரை நாமே கொண்டு செல்வோம். காலிப் புட்டிகளை நாமே திரும்பக் கொண்டு வருவோம். கட்டுச்சோறு வாழையிலையில் கட்டியதாயிருந்தால் குப்பையும் இராது. எனினும் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே சுமந்து சென்று, அங்கே மீன் வறுத்து விற்கும் பெண்களிடம் ஒரு காசும் செலவழியாமல் திரும்புவது பிறரன்புக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. குடிசைகளைப் படமெடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்பதும் மரியாதை.

பவளமும் கடற்குதிரையும் எவர் விற்றாலும் வாங்கலாகாது. 2001 முதல் இவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் செல்வோர் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாய் மேய்வதைக் காணலாம். அப்பகுதி 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அவை பறக்கும் அழகைக் காண வேண்டுமென்று கைதட்டி விரட்டுகிறவர்கள், இரை தேடும் நேரத்தில் அவற்றின் வயிற்றில் அடிக்கிறார்கள். பேருந்தின் ஒலிபெருக்கியையும் அங்கே நிறுத்திவிடுதல் நலம். பக்திப் பாடலாயினும் சரியே.

இறுதியாக, குளிக்கும் ஆசை. ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் ஆர்ப்பரிக்கும் ஆண்கடல் என்பர் அங்குள்ளோர். இரண்டும் கூடும் முனையில் நீரோட்டம் மிக வலியது. நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துச் சென்றுவிடும். சிறுவரை அழைத்துச் செல்லும் மறைக்கல்வி ஆசிரியர்கள் இதனைப் பேருந்திலேயே சொல்லிவிட வேண்டும். கடலைக் கண்டு இறங்கி ஓடியபின் அவர்கள் காதில் எதுவும் ஏறாது.