காஸ் என்னும் மரத்தொழில் ஊர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், கிரீன்பிரையர் நதிக்கரையில் 1901-ஆம் ஆண்டு தோன்றிய காஸ் என்னும் சிற்றூர், சுற்றியுள்ள மலைகளில் அடர்ந்து வளர்ந்திருந்த ஸ்புரூஸ் மரங்களுக்காகவே ஒரு காகிதக் கம்பெனியாரால் ஸ்தாபிக்கப்பட்டது. மரம் அறுக்கும் ஆலை, தொழிலாளர் வசித்த வெள்ளை வர்ணம் பூசிய மரவீடுகள், அவர்கள் சாமான் வாங்கிய கடை ஆகிய யாவும் அந்தக் கம்பெனிக்கே சொந்தம்.

மலைமேல் வெட்டிய மரங்களைக் கீழே கொணர்வதுதான் பெரும் பிரயாசை. சாதாரண ரயில் எஞ்சின்கள் ஏறத் திணறும் அந்தச் சரிவுகளில், எப்ரைம் ஷே என்பவர் சிருஷ்டித்த விசேஷ எஞ்சின்களே ஏறி இறங்கின. வலப்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் நீராவி உருளைகள் பக்கவாட்டில் நீண்டோடும் ஒரு தண்டைச் சுழற்ற, அத்தண்டு பற்சக்கரங்களின் மூலம் எல்லாச் சக்கரங்களையும் ஒருங்கே இயக்கும். அவ்வுருளைகளின் பாரத்தை ஈடுகட்டுவதற்காகக் கொதிகலனைச் சற்றே இடப்புறம் ஒதுக்கி அமைத்திருப்பார்கள். வேகம் சொற்பமே; ஆயினும், பெருஞ்சுமையுடன் வழுக்காமல் செல்லும் அந்த நிதானம் போற்றுதற்குரியது.

ஸ்புரூஸ் மரத்தில் ஒரு பகுதி பலகையாயிற்று; மற்றொரு பகுதி, வர்ஜீனியாவிலுள்ள கவிங்டன் நகரத்து ஆலைக்குச் சென்று காகிதமாயிற்று. 1960-இல் காஸ் ஆலை மூடப்பட, மாநில அரசு அந்த ரயில் பாதையை வாங்கி, 1963 முதல் ஷே எஞ்சின்களைக் கொண்டே பிரயாணிகளை மலைமேல் அழைத்துச் செல்லலாயிற்று.