முள்ளைச் சுற்றி ஒரு கூட்டம்

காலில் தைத்த முள்ளின் நுனி உள்ளேயே முறிந்துவிட்டால், இரண்டொரு நாளில் அந்த இடம் சிவந்து வீங்கி விண்விண்ணென்று தெறிக்கும். தொடையிடுக்கில் நெறி கட்டும். பிறகு சீழ் வைக்கும். சீழைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். அதில் பெரும்பகுதி நம்முடைய ஆட்கள்தான். முள்ளோடு வந்த பாக்டீரியாவை விழுங்கிவிட்டுச் செத்துப்போன வெள்ளணுக்கள் அவை. நியூட்ரோபில் என்று பெயர். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவுக்கு இவற்றை உண்டாக்குகிறது. இவை வெளியேற வழிவிட்டு ரத்தக் குழாய்கள் விரிந்து கசிவதால்தான் அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும்.

இந்த விழுங்கலின் கதை தொடங்கியதும் ஒரு முள்ளில்தான். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த வேளையில், விலங்கியலாளர் இல்யா மெச்னிகோவ் நுண்ணோக்கியும் கையுமாக இருந்தார். நட்சத்திர மீனின் இளம்புழு கண்ணாடிபோல் உள்ளே தெரியும். அதில் ரோஜா முள்ளைச் செருகிவிட்டுத் தூங்காமல் காத்திருந்தார். விடிந்ததும் பார்த்தால், நகரும் செல்கள் முள்ளை மொய்த்திருந்தன. 1908-இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கூட்டமும் சில சமயம் தோற்கும். அப்போது கைகொடுப்பது பெனிசிலின் போன்ற மருந்து. பாக்டீரியாவுக்கு வெளியே கெட்டியான சுவர் உண்டு. நம் செல்லுக்குக் கிடையாது. பாக்டீரியா வளரும்போது சுவர் கட்டும் வேலையைப் பெனிசிலின் முடக்குகிறது. பிறகு உள்ளே புகும் தண்ணீரே அதை வெடிக்க வைக்கிறது. சளிக் காய்ச்சல் தரும் வைரசுக்குச் சுவரே இல்லை. அதற்கு இந்த மாத்திரையை விழுங்குவது வீண்.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில், முகமெல்லாம் புரையோடிய ஒரு போலீஸ்காரருக்குப் பெனிசிலினை ஏற்றினார்கள். மறுநாளே காய்ச்சல் இறங்கியது, சாப்பிடவும் தொடங்கினார். மருந்தோ கைப்பிடியளவுகூட இல்லை. அவருடைய சிறுநீரிலிருந்து மறுபடி பிரித்தெடுத்துக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தே நாளில் தீர்ந்தது. மிச்சமிருந்த கிருமிகள் திரும்பப் பெருகின. மார்ச் 15-இல் அவர் இறந்தார். நேற்றைக்குத் தேவலை என்று பாதி அட்டையோடு மாத்திரையை நிறுத்திக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

இன்னொன்று. பெனிசிலினை உடைத்துப் போடும் நொதி பாக்டீரியாவிடம் இருப்பதை அதே ஆக்ஸ்போர்டு குழுவின் ஆபிரகாமும் செயினும் அச்சில் வெளியிட்டது 1940 டிசம்பரில். அந்தப் போலீஸ்காரருக்கு முதல் ஊசி போடுவதற்குச் சில வாரங்கள் முன்பே.