தோலும் ஷூவும் தந்த ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கில மரபுத்தொடர்களில் பல, தொழில்களிலிருந்து பிறந்தவை. கடலோடிகளையும் உழவர்களையும் போலவே தோல் பதனிடுவோரும் ஷூ தைப்போரும் அம்மொழிக்குத் தங்கள் பங்கைத் தந்திருக்கிறார்கள். அகரவரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, தொழில்வாரியாகப் பிரித்துப் படித்தால் இவை எளிதில் மனதில் தங்கும். தோல் தொழில் நடக்கும் வேலூர், மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தாருக்கு இந்தத் தொடர்களில் வரும் பொருள்கள் அன்றாடம் கையில் புழங்குபவை.

ஷூ கம்பெனியிலிருந்து

ஷூவின் மேல்பாகமான அப்பரை இழுத்துப் பொருத்தும் கால்வடிவ அச்சுதான் 'லாஸ்ட்'. 'ஸ்டிக் டு யுவர் லாஸ்ட்' என்றால், தெரிந்த வேலையோடு நில் என்று பொருள். இதன் மூலக்கதையை ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். ஓவியர் அப்பெல்லெஸ் வரைந்த செருப்பில் ஒரு பிழையைச் செருப்புத் தைப்பவர் காட்டினார், ஓவியர் திருத்தினார். மறுநாள் செருப்புத் தைப்பவர் ஓவியத்திலுள்ள காலையும் குறைசொல்லத் தொடங்க, செருப்புக்கு மேலே போக வேண்டாம் என்று ஓவியர் தடுத்துவிட்டார்.

'வேர் த ஷூ பிஞ்சஸ்' என்பது உண்மையான தொல்லை எங்கே என்பதைக் குறிக்கும். மனைவியை ஏன் விலக்கினாய் என்று கேட்ட நண்பர்களிடம், ஒரு ரோமானியர் தன் அழகிய செருப்பை நீட்டி, அது எங்கே உறுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியாது என்றாராம். இது புளூட்டார்க் சொல்லும் கதை. தமிழில் செருப்பு கடிக்கும், ஆங்கிலத்தில் கிள்ளும்.

'ஆன் எ ஷூஸ்ட்ரிங்' என்றால் மிகச் சொற்பப் பணத்தில். ஹீல் தேய்ந்த ஷூவோடு திரிபவர் 'டவுன் அட் ஹீல்', அதாவது நொடித்துப்போனவர். 'வெல் ஹீல்டு' வசதி படைத்தவர்.

டேனரியிலிருந்து

'டேன் ஹிஸ் ஹைட்' என்பது அடி பின்னிவிடும் மிரட்டல். தமிழர் தோலை உரிப்பதாக மிரட்டுவார்கள். ஆங்கிலேயர் பதனிடுவதாக மிரட்டுவார்கள்.

'திக் ஸ்கின்ட்' விஷயத்தில் கவனம் தேவை. தமிழில் எருமைத்தோல் என்பது வசவு. ஆங்கிலத்திலோ, விமர்சனத்தைத் தாங்கும் மனஉறுதி என்று பாராட்டாகவும் வரும்.

டேனரியில் பிறக்காவிட்டாலும் தோல் வரும் இன்னொரு தொடர் 'பை த ஸ்கின் ஆஃப் ஹிஸ் டீத்'. மயிரிழையில் தப்புதல் என்று பொருள். 1560இல் வந்த ஜெனீவா பைபிளின் யோபு நூல் வழியாக இது ஆங்கிலத்தில் பரவியது.

கையாளும் முறை

மரபுத்தொடரில் சொல்லை மாற்றக் கூடாது. பிறர் நிலையில் இருந்து பார்ப்பதை 'இன் ஹிஸ் ஷூஸ்' என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். 'இன் ஹிஸ் ஷூ' பிழை. இடமும் பார்க்க வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு எழுதும் கடிதத்தில் 'வேர் த ஷூ பிஞ்சஸ்' பொருந்தலாம். 'டேன் ஹிஸ் ஹைட்' பொருந்தாது. ஒவ்வொரு தொடரையும் முழு வாக்கியத்தில் வைத்து, யார் யாரிடம் சொல்வது என்பதோடு சேர்த்துப் பழகினால் தடுமாற்றம் வராது.