பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள்

மாணவர்களே! செந்துறைக் கடைத்தெருவில் கைபேசி விற்கும் கடைகளின் முகப்பைப் பார்த்திருப்பீர்கள். 5000 எம்.ஏ.எச்., 50 மெகாபிக்சல், 5ஜி என்று எண்களே அங்கே பெரிய எழுத்தில் இருக்கும். முந்திரிக் கொட்டை விற்ற பணத்திலோ, சிமெண்ட் ஆலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ உங்கள் வீட்டில் ஒரு கைபேசி வாங்க நினைக்கும்போது, "நீதானே படிக்கிற பிள்ளை, எது நல்லது சொல்" என்று பெற்றோர் உங்களைத்தான் கேட்பார்கள். எந்த எண் பெரியதோ அதுவே நல்லது என்று சொல்லிவிடலாமா? பௌதிகப் பாடத்தில் ஓர் எண்ணை எழுதினால் அதற்கு அலகு என்ன, எந்த நிலையில் அளந்தது என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்வியைக் கடையிலும் கேட்டால் என்ன தெரியவரும் என்று பார்ப்போம்.

முன்பு விற்ற விதம்

இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் கைபேசி செல்வர்களின் பொருள். நாம் பேசினாலும் காசு, பிறர் நம்மை அழைத்தாலும் நமக்குத்தான் காசு! வரும் அழைப்புக்குக் கட்டணம் வாங்கும் முறை 2003-இல் நீங்கிய பிறகே கைபேசி கிராமங்களுக்குள் வேகமாக நுழைந்தது.

அதே ஆண்டில் நோக்கியா நிறுவனம் 1100 என்ற எளிய கைபேசியை வெளியிட்டது. உள்ளே தூசி புகாத விசைப்பலகை, மின்வெட்டில் உதவும் டார்ச் விளக்கு ஆகியவையே அதன் விளம்பரம். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கைபேசி அது. எதற்குப் பயன்படும் என்பதைச் சொல்லியே அன்று பொருளை விற்றார்கள். தொடுதிரைக் கைபேசிகள் வந்தபின் எல்லாக் கைபேசிகளும் பார்வைக்கு ஒன்றுபோல் ஆகிவிட்டன. அவற்றை வேறுபடுத்திக் காட்ட விற்பவருக்கு எண்கள் தேவைப்பட்டன.

மின்கலத்தின் எண்

நோக்கியா 1100-இன் மின்கலம் 850 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது. இன்றைய கைபேசியில் 5000. ஏறத்தாழ ஆறு மடங்கு! ஆனால் பழையது பல நாள் தாங்கியது. புதியதை அன்றாடம் மின்னேற்ற வேண்டியிருக்கிறது. ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆம்பியர்-மணி என்பது மின்னூட்டத்தின் அளவு. அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். பழைய மின்கலத்தில் 0.85 × 3.7, அதாவது சுமார் 3.1 வாட்-மணி. புதியதில் 5 × 3.85, அதாவது சுமார் 19 வாட்-மணி. பழைய கைபேசி, அழைப்புக்காகக் காத்திருக்கும் நிலையில் 400 மணி நேரம் வரை தாங்கும் என்று அறிவித்தார்கள். அப்படியானால் அதன் செலவு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இன்று பெரிய வண்ணத் திரையை எரியவிட்டு, ஓயாமல் செய்தி பெற்று, பத்து மணி நேரத்தில் மின்கலத்தைத் தீர்த்தால் சராசரிச் செலவு சுமார் 2 வாட். தொட்டி பெரிதாயிற்று, குழாயும் அதைவிடப் பெரிதாயிற்று! ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை: ஒன்று காத்திருக்கும் நிலை, மற்றொன்று உழைக்கும் நிலை. இரண்டு கைபேசிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வேலையைச் செய்யவேண்டும்.

பவர் பேங்க் வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். "10,000" என்ற எண் உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. அதாவது 37 வாட்-மணி. வெளியே வருவதோ 5 வோல்ட்டில். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4 ஆம்பியர்-மணிதான். வெப்பமாக வீணாவதையும் கழித்தால் இன்னும் குறையும். ஆகவே 5000 எண்ணுள்ள கைபேசியை இரண்டு முறை முழுதாக நிரப்பலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே.

காமிராவின் எண்

50 மெகாபிக்சல் என்றால் ஒளியை உணரும் சில்லில் 5 கோடிப் புள்ளிகள் உள்ளன என்று பொருள். புள்ளிகள் கூடினால் படம் தெளிவாகும் என்பது ஓர் எல்லை வரை உண்மை. சில்லின் பரப்பைக் கூட்டாமல் புள்ளிகளை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துப்போகும். மழையில் முற்றத்தில் ஓர் அண்டாவை வைப்பதற்குப் பதில் அதே இடத்தில் நூறு டம்ளர்களை நெருக்கி வைத்தால் கூடுதல் நீரா கிடைக்கும்? ஒளியும் அப்படியே. மாலை மங்கலில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது ஒவ்வொரு டம்ளரிலும் போதிய ஒளி விழாததால்தான்.

இதனால் பல கைபேசிகள் நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கின்றன. 50 மெகாபிக்சல் காமிரா வழக்கமாகத் தரும் படம் 12.5 மெகாபிக்சல் அளவே.

இதற்குமேல் இயற்கையே ஒரு வேலி போட்டிருக்கிறது. ஒளி ஓர் அலை. சிறு துளை வழியே நுழையும்போது அது விளிம்புவிலகல் அடைகிறது. எனவே எவ்வளவு சிறந்த லென்சானாலும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் குவிக்காமல் சிறு வட்டமாகவே குவிக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரோமீட்டர். பெட்டியில் எப்/1.8 என்று குறித்த லென்சுக்கு அவ்வட்டத்தின் விட்டம் 2.44 × 0.55 × 1.8, அதாவது சுமார் 2.4 மைக்ரோமீட்டர். பல கைபேசிகளில் ஒரு புள்ளியின் அகலமோ 0.8 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஒரு வட்டம் பல புள்ளிகள் மேல் பரவிவிட்டால், புள்ளிகளை இன்னும் நறுக்குவதால் புதிய விவரம் அதிகம் கிடைக்காது. மெகாபிக்சலோடு சில்லின் அளவையும் கேளுங்கள்.

"ஜி" என்னும் எண்

5ஜி என்பதில் "ஜி" தலைமுறையைக் குறிக்கும்; அதற்கு அலகு இல்லை. இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அது நம் வீட்டில் எப்படி வேலை செய்யும் என்பதை அலைகளின் அதிர்வெண் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். உயர் அதிர்வெண்ணில் அகலமான அலைவரிசை கிடைக்கிறது. இரு பெரிய நிறுவனங்கள் ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அங்கே பெற்றுள்ளன. சாலை அகலமானால் வண்டிகள் அதிகம் போகும், அதனால்தான் வேகம். ஆனால் அந்தக் குறுகிய அலைகள் சுவரிலும், அடர்ந்த மரங்களின் இலைகளிலும் அதிகமாகத் தேய்கின்றன. கோபுரத்தருகே பறக்கும் 5ஜி, முந்திரித் தோப்புக்கு அப்பாலுள்ள வீட்டின் உள்ளறையில் தள்ளாடக்கூடும். ஒரே கோபுரத்தின் கீழ் இருப்போர் எல்லோரும் அந்த வேகத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

வேகத்தின் அலகிலும் ஒரு நுட்பம் உண்டு. வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பார்கள்; கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் வேகத்தில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

மாதத்திற்கு எத்தனை நாள்?

கைபேசியை ஒருமுறை வாங்குகிறோம். ரீசார்ஜ் செய்வது தொடர் செலவு. பல "மாத" திட்டங்கள் 28 நாள் கொண்டவை. 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம், ஆனால் பதின்மூன்று ரீசார்ஜ்! நாட்கூலி வாங்கும் வீட்டில் அந்தப் பதின்மூன்றாவது தொகை சிறியதன்று. 2022 ஜனவரியில் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் தரவேண்டும் என ஆணையிட்டது. திட்டத்தின் விலையை நாட்களால் வகுத்து, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பார்த்தே ஒப்பிடுங்கள்.

ஆகவே மாணவர்களே, வாங்கப் போகுமுன் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மின்கலத்தில் எத்தனை வாட்-மணி? காமிராச் சில்லின் அளவு என்ன? நம் வீட்டு உள்ளறையில் எந்த நிறுவனத்தின் அலை நன்றாகக் கிடைக்கிறது? ரீசார்ஜ் நாளொன்றுக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு விடையைக் கடையில் தேடவேண்டாம். வெவ்வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினரை வீட்டுக்கு வரச்சொல்லி, அங்கேயே சோதித்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்கள் பொய்யல்ல. ஆனால் எவற்றை அச்சிடலாம் என்று முடிவு செய்தவர் விற்பவர். வாங்குபவருக்கு வேண்டிய எண்களை நாமேதான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கும் பத்தாம் வகுப்புப் பௌதிகமும் பெரும்பாலும் போதும்.